காவலனைத் தேடினர், கதவை அடைத்தனர்!

தோழனே!

கோட்டைக்கு அகழி உண்டு, கொத்தளம் உண்டு, வேலேந்தி நிற்கும் வீரன் உண்டு. கணிப்பொறிக்குள் கிடக்கும் கணக்குக்குக் காவல் எது? கன்னக்கோல் வேண்டாம், கதவுடைக்கும் ஓசையும் வேண்டாம். கடலுக்கு அப்பால் உட்கார்ந்தபடியே ஒரு நாட்டின் பெட்டகத்தைத் திறந்துவிடும் காலமன்றோ இது!

அமெரிக்காவில் 2015-ஆம் ஆண்டு வெளிவந்த செய்தியைக் கேள். அரசு ஊழியர்களின் ஏடுகளைக் காக்கும் பணியாளர் மேலாண்மை அலுவலகத்திலிருந்து 2 கோடியே 15 இலட்சம் பேரின் விவரங்கள் களவு போயின. அவற்றோடு 56 இலட்சம் பேரின் விரல் ரேகைகளும்! கடவுச்சொல் களவுபோனால் வேறொன்று வைத்துக்கொள்ளலாம். கைவிரலை எங்கே போய் மாற்றுவது?

இந்தக் களவைத் தடுக்கும் கலைக்கு இணையப் பாதுகாப்பு, தகவல் உறுதிப்பாடு என்று பெயர். அங்கே பல பல்கலைக் கழகங்களில் அது முதுகலைப் படிப்பு. (கல்லூரிப் படிக்கட்டில் பாதியிலே இறங்கியவன் முதுகலையைப் பற்றி முழங்குவதா என்று நகைக்கிறாயா? நகைத்துக்கொள், பிறகு மேலே படி.) மறைவு, மாறாமை, கிடைத்தல் - இம்மூன்றே அந்தப் படிப்பின் அடிப்படை. மருத்துவமனையை எண்ணிப்பார். நோயாளியின் இரகசியம் ஊராருக்குத் தெரிந்தால் இழுக்கு. அவன் இரத்த வகையை எவனோ திருத்தி எழுதிவிட்டால் உயிருக்கே உலை. அறுவை மேசையில் அவன் கிடக்கும்போது ஏடு திறக்க மறுத்தால், மருத்துவர் கையைப் பிசைந்து நிற்பதன்றி வேறென் செய்வார்?

ஆகவே ஆள் தேவை. அமெரிக்க அரசும் அதை உணர்ந்து, 'சைபர்கோர்' என்னும் படிப்புதவித் திட்டத்தை 2000-ஆம் ஆண்டில் கண்டது. தேசிய அறிவியல் அறக்கட்டளை நடத்தும் அத்திட்டத்தில், ஏடுகளைப் பறிகொடுத்த அந்த அலுவலகமும் பங்காளி! ஒப்பந்தம் இதுதான்: படிப்புச் செலவு அரசினுடையது, முதுகலை மாணவனுக்கு ஆண்டுக்கு 30,000 டாலருக்கு மேல் உதவித்தொகையும் உண்டு. எத்தனை ஆண்டு உதவி பெற்றானோ அத்தனை ஆண்டு அவன் அரசுப்பணி ஆற்றவேண்டும். படிப்பு முடிந்த 18 மாதத்துக்குள் பணியில் அமராவிட்டால், பெற்ற உதவியெல்லாம் கடனாகும்.

நல்ல திட்டம், நான் மறுக்கவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளையும் ஏறிவர ஏணி அது.

2025 ஜனவரி 20-இல் பதவியேற்ற குடியரசுத் தலைவர் டிரம்ப், அன்றே நடுவணரசில் புதிய ஆள் சேர்ப்பதை நிறுத்திவைத்தார். நாட்டின் இணையப் பாதுகாப்புக்கென்றே 2018-இல் அமைந்த நிறுவனத்திலிருந்து, அந்த ஓராண்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வெளியேறினர். பட்டத்தோடு வந்தான் மாணவன். "வேலை கொடுங்கள்" என்றான். "இல்லை" என்றது அரசு. "அப்படியானால் என் ஒப்பந்தம்?" என்றான். "18 மாதம்; பிறகு கடன்" என்றது அதே அரசு! இப்படியொரு காட்சியை நான் நாடகத்தில் எழுதினால், நம்பும்படியாக இல்லை என்று கொட்டகையே சிரிக்கும்.

தனியாரிடம் போகக்கூடாதா என்பார் உண்டு. போகலாம், ஆனால் அங்கே செய்யும் பணி ஒப்பந்தக் கணக்கில் ஏறாது. மாநில, உள்ளூர் அரசுகளிலோ ஒரு சிறு பங்கினருக்கே இடம்.

சிக்கனம் என்கின்றனர். தேவையற்ற செலவைக் குறைப்பது ஆள்வோர் கடமை, ஐயமில்லை. மக்கள் வரிப்பணத்தில் ஒருவனை ஆண்டுக்கணக்கில் பயிற்றி, பயிற்சி முடிந்த அன்றே வாயிலில் நிறுத்திவைப்பது எந்தச் சிக்கனம்? பயிரை வளர்த்துக் கதிர் முற்றியதும் களத்துக்குப் பூட்டுப் போடுபவனைச் சிக்கனக்காரன் என்று எந்த உழவன் சொல்வான்? களவாட வருபவனோ ஆள் சேர்ப்பை நிறுத்தவில்லை.

கெடுவை நீட்டினால் தீர்ந்தது என்று எண்ணற்க. வாக்குத் தவறியவன் மாணவனல்லன். வேலை கேட்டு வந்தவனை அரசு திருப்பியனுப்பிய ஒவ்வொரு நாளையும், அவன் பணியாற்றிய நாளாகவே கணக்கில் வரவு வைக்கட்டும்.