வெறும் வலையை அலசும் எதிர்நோக்கு



2025-ஆம் ஆண்டை நம் திருச்சபை யூபிலி ஆண்டாகக் கொண்டாடியது. 'எதிர்நோக்கின் திருப்பயணிகள்' என்பது அதன் மையக்கருத்து. அதே ஆண்டில்தான் திருப்பூரின் பல சிறு பனியன் கம்பெனிகளில் தையல் எந்திரங்கள் வேலையின்றி நின்றன. ஞாயிறு திருப்பலியில் எதிர்நோக்கைப் பற்றிப் பாடிவிட்டு, வீடு திரும்பியதும் கடன் கணக்கைப் பார்த்துக் கலங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்கு எதிர்நோக்கு என்றால் என்ன? இன்று இதைச் சிந்திப்போம்.

நடந்தது என்ன? அமெரிக்க அரசு இந்தியப் பொருள்கள்மீது 2025 ஆகஸ்ட் 7 அன்று 25 விழுக்காடு கூடுதல் வரி விதித்தது. இரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் 27 முதல் மேலும் 25 விழுக்காடு சேர்த்தது. அதே வேளையில் வங்காளதேசம், வியட்நாம் நாடுகளுக்கு விதிக்கப்பட்டது 20 விழுக்காடுதான். திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குச் செல்வது. எனவே அடி பலமாக விழுந்தது.

இந்த வரியை நேரடியாகக் கட்டுபவர் அமெரிக்க இறக்குமதியாளர். அவர் விலையைக் குறைக்கும்படி ஏற்றுமதியாளரைக் கேட்கிறார். அல்லது ஆர்டரை நிறுத்தி வைக்கிறார். ஏற்றுமதியாளர், வெளியே கொடுக்கும் ஜாப் ஒர்க்கை முதலில் குறைக்கிறார். கடைசியில் பாரம் வந்து சேர்வது, பத்துப் பன்னிரண்டு எந்திரங்களை வைத்து நடத்தும் சிறு முதலாளியிடம். இவர்களில் பலர் ஒரு காலத்தில் தையல் தொழிலாளர்களாக இருந்தவர்கள். நகையை அடகு வைத்து எந்திரம் வாங்கியவர்கள். ஆர்டர் நின்றாலும் வாடகை நிற்பதில்லை, மாதத் தவணை நிற்பதில்லை. சனிக்கிழமை வந்தால் கூலி கொடுக்க வேண்டும். வரி பின்னர் குறைந்தாலும், அந்த மாதங்களில் ஏறிய வட்டி தானாகக் குறைந்துவிடாது.

திருப்பூர் முன்பும் விழுந்து எழுந்த ஊர்தான். நொய்யல் ஆறு மாசடைந்ததால் 2011-இல் உயர்நீதிமன்ற ஆணைப்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பின்னர் கழிவுநீரைச் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையோடு தொழில் தொடர்ந்தது. 2016-இல் பணமதிப்பிழப்பு, 2020-இல் ஊரடங்கு ஆகியவற்றையும் அது கடந்து வந்தது. ஆனால் ஊர் எழுந்தது என்பதற்காக எல்லாரும் எழுந்துவிட்டார்கள் என்று நாம் சொல்ல முடியாது. ஒவ்வொரு முறையும் சிலர் கடையை மூடிவிட்டு, மீண்டும் கூலி வேலைக்குப் போனார்கள். ஆகவே 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற வார்த்தையை எதிர்நோக்கு என்று எண்ணிவிடக் கூடாது.

லூக்கா நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் சீமோன் பேதுருவைச் சந்திக்கிறோம். அவரும் சொந்தப் படகு வைத்துத் தொழில் செய்தவர்தான். இரவு முழுவதும் உழைத்தும் ஒரு மீன்கூட அகப்படவில்லை. ஆயினும் இயேசு அங்கு வந்தபோது மீனவர்கள் வலைகளை அலசிக்கொண்டிருந்தார்கள். நட்டத்தில் முடிந்த இரவுக்குப் பிறகும், அடுத்த நாளுக்காக வலையைத் தயார் செய்தார்கள். நம் சிறுதொழில் குடும்பங்களிடம் இறைவன் எதிர்பார்ப்பதும் இத்தகைய எதிர்நோக்கையே.

நமக்கு வலையை அலசுவது எது? வரவு, செலவு, கடன் அனைத்தையும் மறைக்காமல் எழுதிப் பார்ப்பது. வாழ்க்கைத் துணையிடம் உண்மையைச் சொல்வது. தவணை தவறும் முன்பே வங்கிக்குச் சென்று கால நீட்டிப்புக் கேட்பது. ஒரு கடனை அடைக்கக் கந்துவட்டிக்கு இன்னொரு கடன் வாங்காமல் இருப்பது. நமக்கு வரவேண்டிய பணத்தைக் கேட்பதும் இதில் அடங்கும். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையை 45 நாள்களுக்குள் கொடுத்தாக வேண்டும். தாமதித்தால் வட்டியும் உண்டு. முறையீட்டைக் கேட்கத் தனி மன்றமும் உண்டு. அடுத்த ஆர்டர் போய்விடுமோ என்ற அச்சத்தால் பலர் வாய் திறப்பதில்லை.

அந்த நற்செய்திப் பகுதியில் இன்னொன்றையும் காண்கிறோம். வலைகள் கிழியத் தொடங்கியபோது சீமோன், மற்றப் படகிலிருந்த தம் கூட்டாளிகளைச் சைகை காட்டி அழைத்தார். அவர்களும் வந்தார்கள். அந்த மற்றப் படகு நாம்தான். நாம் பெரிய தொழில் நடத்துபவர்களானால், சிறியவருக்குத் தரவேண்டியதை நாள் கடத்தாமல் தருகிறோமா? உழைத்தவரின் கூலியைப் பிடித்து வைப்பது இறைவனை நோக்கிக் கூக்குரலிடும் பாவம் என யாக்கோபு நமக்கு எச்சரிக்கை தருகிறார். கடன்பட்ட ஒருவர் அன்பியக் கூட்டத்திற்கு வருவதை நிறுத்திவிட்டார் என்றால், 'ஏன் வரவில்லை?' என்று புறம் பேசுகிறோமா, வீடு தேடிச் செல்கிறோமா? கடன் கொடுத்தவர் முன்வரிசையில் அமர்ந்திருக்கையில், கடன்பட்டவர் கோவில் வாசலையே தவிர்க்கிறார். இந்தத் தனிமை கடனைவிடக் கொடியது.

யூபிலி என்பது தொடக்கத்திலிருந்தே நிலத்தோடும் விடுதலையோடும் தொடர்புடையது. லேவியர் 25-ஆம் அதிகாரத்தை வாசித்தால் இது விளங்கும். 2026 சனவரி 6 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ, தூய பேதுரு பெருங்கோவிலின் புனிதக் கதவை மூடினார். கதவு மூடப்பட்டாலும் யூபிலி நம்மிடம் கேட்ட கேள்வி முடிந்துவிடவில்லை.

இந்த வாரம் நமக்குத் தெரிந்த ஒரு சிறுதொழில் குடும்பத்தைச் சந்திப்போம். கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் கொடுத்துவிடுவோம். கொடுக்க ஒன்றுமில்லை என்றாலும் அருகில் அமர்ந்து கேட்போம். தச்சுப் பட்டறையில் வியர்வை சிந்திய புனித யோசேப்பு, உழைக்கும் நம் குடும்பங்களுக்காகப் பரிந்து பேசுவாராக. எதிர்நோக்கின் இறைவன் நம் அனைவரையும் தாங்கி வழிநடத்துவாராக.