நடந்து பார்ப்போம்: அரிக்கமேடு வழியாக வீராம்பட்டினம்

"ஊசுட்டேரியும் நாரையும் சரிதான். எங்களைப் போன்ற முட்டிவலிக்காரிகளுக்கு மேடு பள்ளம் இல்லாத வழி ஒன்று சொல்லக் கூடாதா?" என்று சென்ற இதழைப் படித்துவிட்டுச் சில சகோதரிகள் கேட்டிருக்கிறார்கள்.

இருக்கிறதே! புதுச்சேரியிலிருந்து கடலூர் சாலையில் தெற்கே 4 கிலோமீட்டர் போனால் அரியாங்குப்பம். ஆற்றுப் பாலம் தாண்டியதும் பஸ்ஸை விட்டு இறங்கிக் கிழக்கே திரும்புங்கள். காக்காயந்தோப்பு, அரிக்கமேடு, கடைசியில் வீராம்பட்டினம் கடற்கரை. சுற்றிச் சுற்றிப் போனாலும் ஐந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். தை, மாசிதான் இதற்கு ஏற்ற மாதங்கள். பங்குனி பிறந்துவிட்டால் எட்டு மணி வெயிலே மண்டையைப் பிளக்கும். ஒரு பாட்டில் மோர், நாலு இட்லியில் மிளகாய்ப்பொடி தடவிய பொட்டலம், காலுக்குப் பிடிப்பான செருப்பு இருந்தால் போதும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள்.

காக்காயந்தோப்பில் நுழையும்போது வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சுவரில் வரட்டி காயும். "எங்கம்மா போறீங்க, கூட்டமா?" என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். "சும்மா நடக்கிறோம்" என்றால் நம்பமாட்டார்கள். வேலையில்லாமல் ஒரு பெண்பிள்ளை நடப்பாளா என்ன?

தென்னையும் மாமரமும் அடர்ந்த தோப்புக்குள் பாதை போகிறது. இடப்பக்கம் ஆறு. எதிர்க்கரையில் தேங்காய்த்திட்டு, நடுவே தண்ணீரில் கால் ஊன்றி நிற்கும் அலையாத்திச் செடிகள். அப்படியே போனால் அரிக்கமேடு வந்துவிடும். ஆனால் 'எங்கே அரிக்கமேடு?' என்று கேட்கத் தோன்றும்! தோண்டிய குழிகளையெல்லாம் திரும்ப மூடிவிட்டார்கள். இடிந்த செங்கல் சுவர் ஒன்று நிற்கும். அதைப் பார்த்து ரோமானியர் கட்டியது என்று குழந்தைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள். அது 18-ம் நூற்றாண்டுப் பாதிரிமார்களின் கட்டடம்.

பார்க்க வேண்டியது காலுக்குக் கீழேதான். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் இது ஒரு துறைமுகம். பழைய கிரேக்கக் கடல்வழிக் குறிப்பு ஒன்றில் வரும் 'பொதுகே' இதுதான் என்கிறார்கள். 1930-களில் பிரெஞ்சுப் பேராசிரியர் ழுவோ துப்ராய் இதன் அருமையைக் கண்டுகொண்டார். 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டினார். பிறகு கசால். 1989-லிருந்து 1992 வரை விமலா பெக்லி என்ற பெண்மணி தலைமையில் மறுபடி தோண்டினார்கள். அப்போது கிடைத்த ஜாடித் துண்டுகளை ஆராய்ந்தவரும் ஒரு பெண்தான், எலிசபெத் லைடிங் வில். இரண்டு உருளைகளைச் சேர்த்து ஒட்டினாற்போலக் கைப்பிடி உள்ள ஜாடிகள் பல, கோஸ் என்னும் கிரேக்கத் தீவின் பாணியில் செய்தவை என்று அவர் அடையாளம் கண்டார். அந்தத் தீவின் திராட்சை மதுவில் கடல் தண்ணீரைக் கலப்பார்களாம்! மீனை உப்பில் ஊறவைத்து எடுத்த சாறு வந்த ஜாடிகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. கருவாட்டு ஊருக்கே மீன் சாறு விற்க வந்தவர்களை என்னவென்று சொல்வது?

கோஸ் தீவுக்கு நம் பத்திரிகையோடும் ஓர் உறவு உண்டு. வைத்தியத்தின் தந்தை என்று சொல்லும் ஹிப்போகிரட்டீஸ் பிறந்த ஊர் அது. அவர் பெயரால் வழங்கும் நூல்களில் ஒன்று, விடியற்கால நடைக்கு என்ன பலன், சாப்பாட்டுக்குப் பின் நடந்தால் என்ன பலன் என்று பிரித்துப் பிரித்துச் சொல்கிறது. நம் டாக்டர்கள் இப்போது சொல்வது புதிதல்ல.

எங்களோடு வந்த ஒரு மாமி திடீரென்று குனிந்தார். உள்ளங்கையில் பச்சைக் கண்ணாடி மணி, கடுகைவிடச் சற்றுப் பெரிது. "என்ன அழகுடி! பேத்தி வளையலில் கோத்துவிடலாமே!" பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மாள் கேட்டுவிட்டார்.

"அத அங்கியே போட்டுடுங்கம்மா. மழ பேஞ்சா ஆளாளுக்கு வந்து பொறுக்கினு போயிட்டாங்க. எங்க புள்ளைங்களுக்குக் காட்டக்கூட ஒண்ணும் மிஞ்சாது."

மாமி முகம் சுருங்கினாலும் மணியைக் கீழே வைத்துவிட்டார். அந்த அம்மாள் சொன்னதுதான் நியாயம். இடம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, இங்கேயே செய்த மணிகள் அவை. இதே வகை மணிகள் தென்கிழக்காசிய நாடுகள் வரை கிடைக்கின்றன. எந்த மண் அடுக்கில் கிடக்கிறது என்பதை வைத்துத்தான் மணியின் காலத்தைச் சொல்ல முடியும். பேத்தியின் கைக்குப் போய்விட்டால் அது வெறும் கண்ணாடி. ஆசையாக இருந்தால் பாரதி பூங்கா அருகே புதுச்சேரி அருங்காட்சியகத்தில் வேண்டுமட்டும் பார்க்கலாம்.

இனி வீராம்பட்டினம். காற்றில் கருவாட்டு வாசம் வந்தால் ஊர் நெருங்கிவிட்டது என்று பொருள். செங்கழுநீர் அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் போங்கள். வீரராகவன் என்ற மீனவர் வலையில் ஒரு மரக்கட்டை சிக்க, அதை அடுப்புக்காக வெட்டியபோது ரத்தம் கசிந்தது என்பது கோயில் கதை. ஆடி மாதம் ஐந்தாம் வெள்ளிக்கிழமை தேர். பிரெஞ்சுக் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் மாறாமல், இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் பிடிக்கிறார்.

படகு கரைக்கு வந்ததும் மணலிலேயே ஏலம். ஏலம் எடுத்து ஊருக்குள் விற்கப் போகிறவர்கள் பெண்கள்தான். 2004 சுனாமி இந்தக் கரையையும் விடவில்லை. அதற்குப் பிறகும் கூடை தலையில்தான் இருக்கிறது. ஐம்பது வயது தாண்டிய ஒருவர், "ஒரு கை குடும்மா" என்றார். நானும் மாமியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி அவர் சும்மாட்டின் மேல் வைத்தோம். அம்மாடி, என்ன கனம்! மாமிக்குத் தோள் விண்விண்ணென்றது.

"கழுத்து வலிக்காதாக்கா?" என்றேன்.

"ராத்திரிதான் தெரியும். பஸ்ஸுல மீன் கூடன்னா மூஞ்ச சுளிக்கிறாங்க. ஆட்டோவுக்குக் குடுத்தா என்ன மிஞ்சும்? அதுக்கு மேல, வாங்கறவங்க பத்து ரூபா கொறைக்கிறாங்க."

நாம் நடந்தால் டாக்டர் பாராட்டுகிறார். இவர் நடப்பதை நடை என்றுகூட யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இத்தனைக்கும் இது உடம்புக்கு ஆகும் நடையே அல்ல. அத்தனை பாரம் கழுத்து எலும்பையும் முட்டியையும் தேய்க்கும். அதனால் வாசலில் கூடை வந்தால் முதலில் இறக்கிவைக்கக் கை கொடுங்கள், போகும்போது தூக்கியும் விடுங்கள். ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். பத்து ரூபாய் பேரத்தைப் பெரிய கடைகளில் போய்ச் செய்யலாமே. அங்கேதான் நமக்கு வாயே வராது!

திரும்பி வர ஷேர் ஆட்டோ கிடைக்கும். நாங்கள் கரையிலேயே ஒரு கூறு நெத்திலி வாங்கி, வாழையிலையில் சுற்றிக்கொண்டு வந்தோம். கல்லுப்பும் மஞ்சளும் போட்டு மூன்று முறை அலசுங்கள். புளி குறைத்து மாங்காய் போட்டால் குழம்பு ஜோர்.

அடுத்த இதழில் பாகூர் ஏரிக்கரை. அங்கே கொஞ்சம் மேடு உண்டு, முட்டிவலிக்காரிகள் கைத்தடி எடுத்து வையுங்கள்.