வாத்தியமா, விளையாட்டுச் சாமானா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஒரு சங்கீதப் போட்டி நடந்தது. வளையமாதேவியிலிருந்து ஒரு பையன் பஸ் ஏறிப் போனான். பெயர் கூப்பிட்டார்கள், மேடைக்குப் போனான். சட்டைப் பையிலிருந்து மௌத் ஆர்கனை எடுத்தான். எடுத்ததுதான் தாமதம், "இது வாத்தியப் பட்டியலில் இல்லை, வேண்டுமானால் பலகுரல் பிரிவில் சேர்ந்துகொள்" என்று சொல்லி இறக்கிவிட்டார்கள்.

மறுநாள் என்னிடம் வந்து, "ஊதவே வுடல தாத்தா" என்றான். அழவில்லை. அழுதிருந்தால் நான் சமாதானம் சொல்லி அனுப்பியிருப்பேன். இந்தக் கட்டுரை எழுத நேர்ந்திராது.

போட்டியை நடத்தியவர்கள் யார் என்று நான் சொல்லப் போவதில்லை. அவர்கள் நல்லவர்கள்தாம். நடுவராக இருந்தவர் ஞானம் உள்ளவர். அவர் வீட்டுக் காப்பியை நான் குடித்திருக்கிறேன். என் சண்டை அவரோடு அல்ல, அவருடைய அபிப்பிராயத்தோடு. இந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு என்பதையும் முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறேன். அந்தப் பையனுக்கு அந்த வாத்தியத்தைக் கொடுத்தவன் நான்.

நடுவரிடம் நேரில் போய்க் கேட்டேன். "ஸார், அது அந்நிய வாத்தியம். அதில் கமகம் பேசாது. அதுவும் போக, திருவிழாக் கடையில் விற்கிற சாமான்" என்றார். மூன்று குற்றச்சாட்டு, மூன்றே வாக்கியம். கேட்டுக்கொண்டு சும்மா வந்துவிட்டேன். எனக்குச் சட்டென்று பதில் பேச வராது. வீட்டுக்கு வந்து எழுதத்தான் வரும்.

அந்நியம் என்ற பேச்சைச் சீக்கிரம் முடித்துவிடலாம். பிடிலைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர் முத்துஸ்வாமி தீக்ஷிதரின் தம்பி பாலுஸ்வாமி தீக்ஷிதர். இன்றைக்குப் பிடில் இல்லாத கச்சேரியை யாராவது நினைத்துப் பார்ப்பார்களா? கிளாரினெட்டில் ஏ. கே. சி. நடராஜன் வாசித்தார், மாண்டலினில் ஸ்ரீநிவாஸ் வாசித்தார், ஸாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத் வாசித்தார். அப்போதெல்லாம் முதலில் முகம் சுளித்தவர்கள் பிற்பாடு முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டினார்கள். அதுவும் நெய்வேலியில் உட்கார்ந்துகொண்டு அந்நியம் என்கிறாரே, அதுதான் எனக்குச் சிரிப்பாக வருகிறது. சுரங்கத்தில் மண்ணை வாரித் தள்ளும் பிரம்மாண்டமான சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. முதல் அனல் மின் நிலையம் ரஷ்யர்களின் உதவியால் எழுந்தது. மலைபோன்ற இயந்திரம் வரலாம், அதே ஜெர்மனியில் டிராஸிங்கன் என்ற ஊரில் மத்தியாஸ் ஹோனர் என்ற கடிகாரக்காரர் 1857-ல் செய்யத் தொடங்கிய நாலங்குலச் சாமான் மட்டும் வரக்கூடாதா?

கமகம் பேசாது என்றாரே, அதுதான் கனமான குற்றச்சாட்டு. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. அதன் ஸ்வரங்கள் கட்டை கட்டையாக நிற்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக வழியில்லை, ஸ்வர ஸ்தானங்களும் நம்முடையவை அல்ல என்றார்கள். 1971-ல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஹார்மோனியத்தைப் பற்றி அவர்கள் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ரீடு உள்ளதெல்லாம் ஹார்மோனியம் என்று நினைத்துக்கொண்டால், தும்பிக்கை இருப்பதால் கொசுவும் யானை என்று சொல்ல வேண்டிவரும்.

நம் ஊர்களில் மௌத் ஆர்கன் என்றால் பெரும்பாலும் இருபத்து நாலு துளை உள்ள சீனத்து வாத்தியம். அதில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு ரீடு. இரண்டையும் இம்மி அளவு மாற்றிச் சுருதி கூட்டியிருப்பார்கள். அதனால்தான் அந்த நடுக்கமும் ரீங்காரமும். தொலைவிலிருந்து கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு ரீடும் தனித்தனி அறையில் குடியிருக்கிறது. ஒரு ரீடு அசைந்தால் பக்கத்து ரீடுக்குத் தெரியாது. ஆகவே ஸ்வரம் வைத்த இடத்தில் நிற்கும், வளையாது. நடுவர் கேட்டிருப்பது இதைத்தான். இதைப் பற்றி அவர் சொன்னது சரி.

பையன் எடுத்தது இது அல்ல. அவனுடையது பத்துத் துளை, இருபது ரீடு உள்ள வேறு ஜாதி. அமெரிக்காவில் பருத்திக் காட்டில் உழைத்த கறுப்பர்கள் தங்கள் 'ப்ளூஸ்' பாட்டுக்கு வைத்துக்கொண்டது. இதில் ஒரே துளைக்குள் ஊதும் ரீடும் உறிஞ்சும் ரீடும் எதிரெதிரே குடித்தனம் செய்கின்றன. காற்றை உள்ளே இழுத்தபடியே நாக்கைப் பின்னுக்கு வாங்கி வாயின் கொள்ளளவை மாற்றினால், மேல் ஸ்தாயி ரீடு தணிகிறது, அடங்கியிருந்த மற்றது சேர்ந்து பேசுகிறது. ஸ்வரம் வழுக்கி இறங்குகிறது.

எவ்வளவு இறங்கும்? 'ஸி' சுருதி வாத்தியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் துளையை இழுத்தால் வருவது 'ஜி', அதாவது ஐந்து கட்டை. அதையே ஸட்ஜமாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது மூன்றாம் துளையை இழுத்தால் அந்தர காந்தாரம். அதே துளையில் கொஞ்சம் தணித்தால் சாதாரண காந்தாரம். இன்னும் தணித்தால் சதுச்ருதி ரிஷபம். அடிவரை போனால் சுத்த ரிஷபம். ஒரே துளை, ஒரே மூச்சு, நாலு ஸ்வர ஸ்தானம், நடுவில் இடைவெளியே இல்லை! இதற்குப் பெயர் கமகத்துக்கு லாயக்கில்லாத வாத்தியமா? ப்ளூஸ் பாடுகிறவர்கள் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில் ஒரு காந்தாரத்தைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். அந்த இடம் பியானோவில் இல்லை; இந்த மூன்றாம் துளையில் இருக்கிறது.

இன்னும் கேளுங்கள். ஊதும் 'ஸி'யை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம். இழுக்கும் 'ஜி'யை ஸட்ஜமாக வைத்தால் ஹரிகாம்போதி. 'டி'யை வைத்தால் கரஹரப்ரியா. கிரகபேதம் என்று நாம் சபைகளில் விளக்கவுரையோடு செய்து காட்டுவதை, மிஸிஸிப்பிக்காரன் பெயர் தெரியாமலே செய்துகொண்டிருந்தான். அந்த ஹரிகாம்போதியிலே மத்திய ஸ்தாயி ரிஷபம் வாத்தியத்தில் நேராக இல்லை. மூன்றாம் துளையைத் தணித்துத் தணித்து அதை நாமேதான் உண்டாக்க வேண்டும். காது இல்லாதவன் கையில் அது பிறக்காது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் துளை அரை ஸ்வரம்கூட முழுதாக இறங்காது. ஏழாம் துளை இழுப்பில் இப்படி வளையவே வளையாது. ஊதும் மத்தியமமும் தைவதமும் மரம் மாதிரி நிற்கும். தோடியை இதில் தொடக்கூடாது. தொட்டால் நானே எழுந்து போய்விடுவேன். பக்கவாட்டில் பொத்தான் வைத்த 'குரோமாடிக்' ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு ஸ்வரமும் உண்டு. லாரி ஆட்லர் வாசிப்பதற்காக வான் வில்லியம்ஸ் என்ற ஆங்கில சாகித்யகர்த்தா 1951-ல் அதற்கென்றே ஒரு உருப்படி எழுதினார். கணக்குக்கு அது பெரிது. ஆனால் பத்துத் துளையின் குழைவு அதில் அத்தனை சுலபத்தில் வராது.

இங்கே என் கட்சிக்காரர்களோடும் ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. 'அசல் ஹோனர் மரீன் பாண்டு அல்லாமல் மற்றதைத் தொடாதே' என்று சத்தியம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 1896-லிருந்து வருகிற மாதிரி. பேரிக்காய் மரத்தில் செய்த நடுச்சட்டம், ஆணி அடித்து இறுக்கியது. குரல் திறந்த குரல், கொஞ்சம் கரகரப்பு, தூரம் போகும். சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள் தம்புராவோடு ஒட்டுகிற மாதிரி இசைவாகக் கூட்டியிருப்பார்கள். எல்லாம் வாஸ்தவம். ஆனால் ஒரு மணி நேரம் வாசித்தால் எச்சிலில் மரம் ஊறிப் பல் முளைக்கும், உதட்டைக் கிழிக்கும். நான் ரத்தம் பார்த்திருக்கிறேன்.

ஜப்பானில் செய்கிற லீ ஆஸ்கர் உறுதியானது. ரீடு போய்விட்டால் தகட்டை மட்டும் மாற்றலாம். தனி ஸ்வரம் தெளிவு. ஆனால் பியானோக் கணக்கில் சுருதி கூட்டியதால், மூன்று துளையைச் சேர்த்து ஊதினால் ஒரு சின்ன முரண்டு காதில் படும். ஸைடல் கம்பெனி எஃகு ரீடு போட்டுச் செய்கிறது; பித்தளையைவிட நாள் வரும், ஒலி பளிச்சென்று இருக்கும், விலை நெஞ்சை அடைக்கும். கற்கிற பிள்ளைக்கு நான் சொல்லுவது ஹோனரின் ஸ்பெஷல் 20 தான். பிளாஸ்டிக் சட்டம், ஊறாது, காற்று ஒழுகாது, இழுத்த இழுப்புக்கு ஸ்வரம் வளைந்து கொடுக்கும். குரல் மரத்தைவிடக் கொஞ்சம் அடக்கம், அவ்வளவுதான். நான் பையனுக்குக் கொடுத்தது அதுதான். வாங்கும்போது பெயரைவிடச் சுருதியைப் பாருங்கள். 'ஜி' வாத்தியம் தடித்த குரல், பேச மெதுவாக வரும். 'எஃப்' வாத்தியம் ஊசி. பழக்கத்துக்கு நடுவிலுள்ள 'ஸி' உத்தமம். முறுக்குத் தின்றுவிட்டு உடனே வாயில் வைக்காதீர்கள். துணுக்கு ரீடில் சிக்கினால் சுருதியும் போகும், மானமும் போகும்.

திருவிழாச் சாமான் என்ற மூன்றாவது குற்றச்சாட்டுக்கு நான் பதில் சொல்லவே கூசுகிறேன். மலிவு என்பதனால்தான் அது ஏழைகளிடம் போயிற்று. டீஃபோர்ட் பெய்லி என்ற கறுப்பர் 1927-லேயே இதில் ரயில் ஓடுவதை அப்படியே இசைத்தட்டில் வாசித்தார். லிட்டில் வால்டர் 1952-ல் வாசித்த 'ஜூக்', பாட்டுக்காரன் இல்லாமல் வாத்தியமாகவே அமெரிக்கக் கறுப்பர் இசை வரிசையில் முதலிடம் பிடித்தது. நம் நாட்டிலே 1958-ல் ஓர் இந்திப் படத்துக்கு ஆர். டி. பர்மன் இதை வாசித்தார். 1975-ல் 'ஷோலே' வந்தபோது பானு குப்தா வாசித்ததைக் கேட்டு எத்தனை பேர் மௌத் ஆர்கன் வாங்க ஓடினார்கள்! அவர்களில் நானும் ஒருவன் என்பது நடுவருக்குத் தெரியாது.

வளையமாதேவியைப் பற்றி ஒரு வார்த்தை. 2023 ஜூலை 26-ஆம் தேதி, சுரங்கத்துக்காகப் பரவனாற்றுக் கால்வாய் வெட்ட, அங்கே வளர்ந்து நின்ற நெற்பயிரின்மேல் இயந்திரங்கள் இறங்கின. நாடு முழுவதும் படத்தில் பார்த்தது. யார் பக்கம் நியாயம், எவ்வளவு பணம் கொடுத்தார்கள் என்ற வழக்குக்கு நான் வரவில்லை. அன்று வரப்பில் நின்று பார்த்த பிள்ளைகளில் இவனும் ஒருவன். சாயங்காலங்களில் இவன் வாசிக்கும்போது நடுநடுவே ஒரு உறுமலைக் கொண்டுவந்து, மூன்றாம் துளையில் மெள்ள மெள்ளத் தணித்து நிறுத்துவான். "என்னடா அது?" என்று ஒரு நாள் கேட்டேன். "மெஷின் வந்தப்போ கேட்ட சத்தம் தாத்தா. அத அப்படியே நிறுத்திப் பாக்கறேன்" என்றான். நான் அவனுக்கு ப்ளூஸ் என்ற சொல்லை அதுவரை சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

பலகுரல் பிரிவில் இதை வாசித்தால் பரிசு கிடைத்தாலும் கிடைக்கும். அவன் போக மாட்டான். போக நானும் விட மாட்டேன்.

நான் கேட்பது பரிசு அல்ல. அடுத்த வருஷம் பட்டியலை மடித்து வைத்துவிட்டு, ஐந்து கட்டைச் சுருதியை வைத்து, அவனை ஐந்து நிமிஷம் ஹரிகாம்போதி வாசிக்கச் சொல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். ரிஷபம் தப்பினால் தாராளமாகப் பூஜ்யம் போடுங்கள், எனக்கு ஆட்சேபம் கிடையாது. இப்போதே நாலு தடவைக்கு ஒரு தடவை தப்பத்தான் செய்கிறது.