ஃபார்மலின் பாட்டிலில் ஊர்தல்

பள்ளி வாசலிலேயே தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் கலையும் நேரத்தில் அதன் இலைகள் ஒவ்வொன்றாக மடங்க ஆரம்பிக்கும். அறிவியல் ஆசிரியர்களான நாங்கள் அப்போது அதன் நிழலில் விட்ட வண்டியை எடுப்பதில் குறியாக இருந்தோம்.

அசைவு என்ற பாடத்தை ‘வேறுபடுத்துக’ ஆக்கிவிட்டோம். விலங்கு இடம்பெயரும், தாவரம் பெயராது, இரண்டு மதிப்பெண். ஒளிச்சார்பசைவு, புவிச்சார்பசைவு என்று ஒப்பிக்க வைத்தோம். சார்லஸ் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியில் தொப்பி மாட்டிப் பார்த்தார்கள். நுனி மூடிய நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. 1880இல் புத்தகமாகவே வந்துவிட்டது. எங்களுக்கு ஆகியிருக்கும் செலவு ஒரு பிடி தானியமும் சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளும்தான். செய்யவில்லை.

தொட்டாற்சிணுங்கி வேலியோரமே கிடந்தது. அதன் இலைக்காம்பின் அடியில் சற்றே புடைத்த ஒரு கணு உண்டு. தொட்டதும் அதன் கீழ்ப்பக்கச் செல்களிலிருந்து பொட்டாசியம் அயனிகள் வெளியேறும், பின்னாலேயே நீரும் போகும்; விறைப்பு இழந்து காம்பு தொங்கும். லென்ஸ் கொடுத்திருந்தால் அந்தப் புடைப்பைப் பிள்ளைகளே கண்டுபிடித்திருப்பார்கள். லென்ஸ் பீரோவுக்குள் பத்திரமாக இருந்தது. உடைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு யார் பதில் சொல்வது?

“விடாம தொட்டுக்கிட்டே இருந்தா என்ன சார் ஆகும்?” என்று ஏதாவது ஒரு பிள்ளை கேட்கும். “பாடத்தைக் கவனி” என்போம். பாரிஸில் தேஃபோன்தேன் என்ற தாவரவியலாளர் இச்செடிகளைக் குதிரை வண்டியில் ஏற்றி நகரைச் சுற்றவைத்தார். முதல் குலுக்கலில் மூடிய இலைகள், வண்டி குலுங்கிக்கொண்டிருக்கும்போதே மெல்ல விரிந்தன. இருநூறு ஆண்டுகளாகத் தெரிந்த கதை. கேட்ட பிள்ளைக்கு நாங்கள் சொல்லவில்லை.

மண்புழு விஷயம் இன்னும் மோசம். உயிருள்ள புழுவை மொடமொடப்பான காகிதத்தில் விட்டுக் காதை அருகில் கொண்டுபோனால் லேசாகச் சரசரக்கும். அடிப்பக்கத்துச் சிறு முட்கள் காகிதத்தைப் பற்றி இழுக்கும் சத்தம் அது. வட்டத்தசை சுருங்கினால் உடல் நீளும், நீள்தசை சுருங்கினால் குறுகும். அந்த அலை ஓடுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நாங்கள் காட்டியது ஃபார்மலினில் வெளுத்துக் கிடந்த புழுவை. ஊர்தல் பாடத்துக்கு!

போர்ஷன் முடியவில்லை, பொதுத்தேர்வு, ஆன்லைன் பதிவேற்றம் என்று காரணம் கைவசம் இருக்கிறது. எதுவும் பொய்யில்லை. ஆனால் தொட்ட இலை மறுபடி விரியப் பத்து, இருபது நிமிடம் ஆகும். பீரியட் 40 நிமிடம்.