கூரையின் விலை 54 டாலர்

கார் வாங்குபவர்கள் மைலேஜ் கேட்பார்கள், ஏசி கேட்பார்கள். வண்டி உருண்டால் கூரை தாங்குமா என்று கேட்பவர் எத்தனை பேர்? கார் கம்பெனிகளுக்கு அதுவே வசதியாகப் போய்விட்டது.

அமெரிக்கக் கதையைப் பாருங்கள். 1973-ல் அமலுக்கு வந்த விதிப்படி, வண்டி எடையைப் போல 1.5 மடங்கைக் கூரை தாங்கினால் போதும். அதுவும் ஒரே பக்கத்தில் மெதுவாக அழுத்திப் பார்ப்பார்கள். உருளும் வண்டி ஒரு பக்கத்தோடு நின்றுவிடுமா என்ன? 2009-ல்தான் சாதாரண கார்களுக்கு 3 மடங்கு, இரண்டு பக்கமும் சோதனை என்று விதி மாறியது. நடுவில் 36 வருடம்!

கூரை நசுங்கும் முன்பே தலை மோதிவிடுகிறதாம், அதனால் கூரையைப் பலப்படுத்திப் பயனில்லையாம். கம்பெனிகளின் வாதம் இது. எஸ்.யூ.வி.களை ஆராய்ந்த காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வுக்கூடம் 2008-லேயே சொல்லிவிட்டது: கூரை பலமாக இருந்தால் சாவும் படுகாயமும் குறைகிறது.

சரி, செலவு? அரசு போட்ட கணக்குப்படி வண்டிக்குச் சராசரியாக 54 டாலர். பதிலுக்கு வருடம் 135 உயிர். இந்த லாப நஷ்டக் கணக்குக்கா இத்தனை இழுத்தடிப்பு?

இன்னும் ஒன்று. சுமையோடு 6,000 பவுண்டைத் தாண்டும் வண்டிகளுக்கு அந்த 2009 விதியிலும் 1.5 மடங்குதான். பெரிய வண்டிதான் பாதுகாப்பு என்று நம்பி வாங்குகிறவர்களிடம் இதை எந்த ஷோரூம் சொல்லும்?