பட்டன் அழுத்த முடியாத குழந்தைக்கு என்ன பொம்மை வாங்குவது? காரைக்காலில் இருந்து பார்த்தால்...

பேட்டரி போட்டால் ஓடும் கார், தட்டினால் குரைக்கும் நாய்க்குட்டி. இப்படிப் பொம்மைகளில் ஆன் பட்டன் பெரும்பாலும் நகத்தளவுதான் இருக்கும். பெருமூளை வாதம் போன்ற குறைபாட்டால் விரல்கள் சொன்னபடி கேட்காத குழந்தைக்கு அதைத் தள்ளுவது நடக்காத காரியம். அண்ணன் ஓட்டிக் காட்டுவான், குழந்தை பார்த்துச் சிரிக்கும். ஆனால் விளையாடுவது என்னவோ அண்ணன்தான்.

இதற்கான தீர்வு 'ஸ்விட்ச்' பொருத்திய பொம்மை. பொம்மைக்குள்ளிருந்து ஒரு வயர் வெளியே வரும். அதன் முனையில், பழைய செல்போன்களில் ஹெட்போன் செருகுவோமே, அதே 3.5 மி.மீ. ஜாக். அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெரிய பட்டனை இணைத்துக்கொள்ளலாம். கை வரவில்லையா? முழங்கை, கன்னம், கால் என எது அசைகிறதோ அதன் பக்கத்தில் வைத்தால் போதும்.

உள்ளே என்ன நடக்கிறது?

பேட்டரிக்கும் அது தொடும் தகட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய வில்லையைச் சொருகுகிறார்கள். இருபுறமும் செம்பு, நடுவில் மின்சாரம் கடத்தாத அடுக்கு. பொம்மையின் பட்டன் எப்போதும் 'ஆன்' நிலையில் இருக்கும், வில்லை மின்சாரத்தை மறிக்கும். வெளியே உள்ள ஸ்விட்சை அழுத்தினால் மின்சுற்று முழுமையாகி பொம்மை ஓடும். அவ்வளவுதான்.

'தட்டினால் பாடும்' வகைப் பொம்மைக்கு இது ஒத்துவராது. அதைப் பிரித்து, உள்ளே இருக்கும் பட்டனின் இரு முனைகளிலும் வயரை சால்டர் செய்ய வேண்டும். செல்போன் ரிப்பேர் கடைக்காரருக்கு இது பெரிய வேலையே இல்லை. ஆனால் பேட்டரியில் ஓடும் பொம்மைகளில் மட்டுமே இதைச் செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தில் செருகும் எதிலும் கை வைக்கக் கூடாது.

விளையாட்டோடு முடிகிற விஷயமா?

இல்லை. 'நான் அழுத்தினால் ஒன்று நடக்கும்' என்பது பிடிபட்ட பிறகு, அதே ஸ்விட்ச் பேசுவதற்கும் உதவும். திரையில் படங்கள் ஒவ்வொன்றாக ஒளிரும்; வேண்டியது வரும்போது அழுத்த வேண்டும். பேச முடியாதவர்களுக்காக சென்னையில் அஜித் நாராயணன் உருவாக்கிய 'ஆவாஸ்' இப்படிப் படம் தொட்டுப் பேசவைக்கும் கருவிகளில் முக்கியமானது. ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலுமே ஸ்விட்ச் வழியாகப் போனை இயக்கும் வசதி இலவசமாகவே உண்டு. ஆண்ட்ராய்டு 12 வந்ததிலிருந்து புருவத்தை உயர்த்துவதைக்கூட ஸ்விட்சாக வைத்துக்கொள்ளலாம்.

பேச்சும் கையசைவும் இல்லாத குழந்தையைப் பார்த்து 'இதற்குப் புரியாது' என்று முடிவுகட்டிவிடுவது சுலபம். புரிகிறதா என்று காட்ட அந்தக் குழந்தைக்கு ஒரு வழியாவது கொடுத்தோமா என்று யாரும் கேட்பதில்லை.

வீடியோ கேமும் இதே வழியில்தான் வந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் 2018-ல் வெளியிட்ட 'எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர்' பின்புறத்தில் வரிசையாக 3.5 மி.மீ. துளைகள். அமெரிக்காவில் விலை 99.99 டாலர். 2023 டிசம்பரில் சோனியும் 'ஆக்சஸ்' கன்ட்ரோலரைக் கொண்டுவந்தது. புது போன்கள் கைவிட்ட ஜாக் இங்கே ராஜாவாக இருக்கிறது.

விலைதான் இடிக்கிறது. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலைக் காப்பது நோக்கம். ஆனால் இங்கே எளிதில் கிடைக்காத சிறப்புப் பொம்மையும் பொம்மை என்ற கணக்கில் வந்தால் அதே வரிதான். மாற்று வழி, இங்கேயே செய்வது. கனடாவின் 'மேக்கர்ஸ் மேக்கிங் சேஞ்ச்' அமைப்பு ஸ்விட்ச் வடிவமைப்புகளை இலவசமாக வெளியிடுகிறது. 3டி பிரிண்டரில் அச்சிட்டுக்கொள்ளலாம்.

காரைக்காலின் சிக்கல்

சுற்றிலும் நாகை, மயிலாடுதுறை மாவட்டங்கள். நிர்வாகமோ 130 கி.மீ.க்கு அப்பால் புதுச்சேரியில். உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு அரசு நடத்தும் 'விழுதுகள்' மையங்கள் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கானவை. பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் இருப்பது சென்னை அருகே முட்டுக்காட்டில். பெருமூளை வாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் அங்கே போய்வருவது லேசான காரியமல்ல.

மத்திய அரசின் 'அடிப்' உதவி உபகரணத் திட்டம் காரைக்காலுக்கும் உண்டு. மாத வருமானம் 22,500 ரூபாய் வரை முழு உதவி, 30,000 வரை பாதி. ஆனால் உபகரண முகாம் என்றாலே சக்கர நாற்காலியும் காது கேட்கும் கருவியும்தான் நினைவுக்கு வருகின்றன. இந்தியா 2007-ல் ஏற்ற ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30-வது பிரிவு விளையாட்டையும் உரிமை என்கிறது.

சால்டரிங் தெரிந்த கைகளுக்குக் காரைக்காலில் பஞ்சமில்லை. திருவேட்டக்குடியில் என்ஐடி-யே இருக்கிறது. எந்தக் குழந்தைக்கு எந்த ஸ்விட்ச், எங்கே வைப்பது என்று சொல்லும் செயல்வழி சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்கிறாரா என்பதுதான் கேள்வி.

அதுவரை பெற்றோர் செலவில்லாமல் ஒன்று செய்யலாம். குழந்தை களைக்காமல் திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு எது என்று கவனித்து, போனில் ஒரு நிமிட வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளலாம். சிகிச்சையாளரைப் பார்க்கும் நாளில் பேச்சை அங்கிருந்தே தொடங்கலாம்.