கடலில் சிந்தியது எங்கே போகும்?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் வழியே செல்வோர், அங்குள்ள புகைபோக்கிகளைச் சற்று நின்று கவனித்தால் ஓர் உண்மையைக் காணலாம். வெளிப்படும்போது புகை கயிறு போல் ஒடுங்கியிருக்கிறது. சிறிது தூரம் சென்றதும் பாயை விரித்தாற்போல் அகல்கிறது. இன்னும் தொலைவில், எது புகை, எது மேகம் என்று பிரித்தறிய இயலாமற் போகிறது. விரிய விரிய, அது விரியும் வேகமும் பெருகுகிறது. காற்றில் நிகழும் இச்செயலே கடல் நீரிலும் நிகழ்கிறது. எண்ணூர் முதல் பழவேற்காடு வரை கடலை நம்பி வாழும் குடும்பங்களுக்கு இது வெறும் ஏட்டறிவு அன்று. அன்றாடச் சோற்றைப் பற்றிய செய்தியாகும்.

2017ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் அதிகாலையில், காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்னும் இரு கப்பல்கள் மோதிக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடலில் கலந்த எண்ணெயின் அளவு முதலில் மிகக் குறைவென்றே சொல்லப்பட்டது. ஆனால் சில நாட்களுக்குள் கறுத்த கசடு எர்ணாவூர்க் கரையில் திரண்டது. தெற்கே மெரினாவையும் பெசன்ட் நகரையும் எட்டியது. இளைஞரும் மீனவரும் வாளிகளைக் கொண்டு அள்ளிய கசடு நூறு டன்னுக்கும் மேற்பட்டது. மீனை வாங்குவோர் அஞ்சினர். பிடித்தவர் விலையின்றித் தவித்தனர்.

இத்தகைய வேளையில் இரு கேள்விகள் எழுகின்றன. சிந்திய பொருள் எத்திசையில் செல்லும்? எவ்வளவு அகலமாகப் பரவும்?

முதல் கேள்விக்கு நம் கடலோர மக்கள் தலைமுறை தலைமுறையாக விடை அறிந்தவர்கள். சோழமண்டலக் கரையை ஒட்டிய நீரோட்டம் ஏறத்தாழ மாசி முதல் வைகாசி வரை வடக்கு நோக்கி ஓடும். ஐப்பசி முதல் மார்கழி வரை தெற்கு நோக்கி ஓடும். இடைப்பட்ட காலங்களில் அது திசை மாறித் தடுமாறும். எண்ணெயோ நீரின் மேற்பரப்பில் மிதப்பதால் காற்றுக்கும் கட்டுப்படுகிறது. காற்றின் வேகத்தில் நூற்றில் மூன்று பங்கு அளவுக்கு அது காற்றோடும் இழுபடும் என்பது பொதுவான கணக்கு.

இரண்டாம் கேள்வியே கடினமானது. இதற்கு வழி காட்டியவர் லூயிஸ் ரிச்சர்ட்சன் என்ற ஆங்கில அறிஞர். போரை வெறுத்த இவர், முதல் உலகப் போரில் துப்பாக்கி ஏந்த மறுத்து, காயமுற்றோரைச் சுமக்கும் வண்டியை ஓட்டியவர். காற்றில் பொருள்கள் பரவும் விதத்தை 1926இல் ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் ஹென்றி ஸ்டோமெல் என்ற அமெரிக்க இளைஞருடன் சேர்ந்து, ஸ்காட்லாந்தின் கடற்கழி ஒன்றில் அதையே நீரில் சோதித்தார். அதற்கு அவர்கள் பயன்படுத்திய கருவி யாது தெரியுமா? முள்ளங்கியைப் போன்ற ஒரு வெண்கிழங்கின் துண்டுகள்! கிழங்கு கண்ணுக்கு நன்கு தெரியும். பெரும்பாலும் நீருக்குள்ளேயே அமிழ்ந்து மிதப்பதால் காற்று அதனைத் தள்ள முடியாது.

இரண்டிரண்டு துண்டுகளாக இட்டு, அவற்றின் இடைவெளி எவ்வாறு மாறுகிறது என்று அளந்தார்கள். அருகருகே இருந்தவை மெல்லப் பிரிந்தன. தள்ளி இருந்தவை விரைந்து பிரிந்தன. இடைவெளி பத்து மடங்கானால், பரவிக் கலக்கும் திறன் ஏறத்தாழ இருபது மடங்காகிறது என்பதே 1948இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின் சாரம். காரணம் எளிது. கடலில் சிறிதும் பெரிதுமாகச் சுழல்கள் நிறைந்துள்ளன. இரு துண்டுகளும் ஒரே பெருஞ்சுழலுக்குள் நெருங்கி இருந்தால், அது இரண்டையும் சேர்த்தே சுமந்து செல்லும். அவை விலக விலக, முன்பு சேர்த்துச் சுமந்த சுழல்களே இப்போது அவற்றைப் பிரிக்கத் தொடங்குகின்றன.

இன்று கிழங்குக்குப் பதிலாக மிதவைகள் வந்துவிட்டன. ஒரு பந்து நீரின் மேல் மிதக்கும். அதன் கீழே, ஏறத்தாழ 15 மீட்டர் ஆழத்தில், துளைகள் இட்ட நீண்ட துணிக்குழாய் ஒன்று தொங்கும். காற்றுக்கு இணங்காமல் நீரோடு மட்டும் மிதவை செல்லும்படி இக்குழாய் பிடித்துக்கொள்கிறது. தான் இருக்கும் இடத்தையும் நீரின் வெப்பத்தையும் அது செயற்கைக்கோள் வழியாக அறிவித்துக்கொண்டே இருக்கும். உலகக் கடல்கள் அனைத்திலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதவைகள் இவ்வாறு அலைகின்றன. சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகமும், நம் நாட்டுச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் மிதவையை உருவாக்கியுள்ளது.

2010இல் மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய்க் கிணறு வெடித்துப் பேரழிவு நேர்ந்தபின், 2012இல் அப்பகுதியில் ஏறத்தாழ முந்நூறு மிதவைகளை மும்மூன்றாக நெருக்கி விட்டு ஆராய்ந்தார்கள். செயற்கைக்கோள் படங்களில் புலப்படாத சிறுசுழல்களே தொடக்கத்தில் பொருளை விரைவாகப் பரப்புகின்றன என்பது அதனால் தெளிவாயிற்று. 2016இல் ஏறத்தாழ ஆயிரம் மிதவைகளை விட்டபோது மற்றொரு வியப்பு காத்திருந்தது. பல கிலோமீட்டர் பரப்பில் சிதறிக் கிடந்த ஏறத்தாழ இருநூறு மிதவைகளில் பாதிக்கும் மேற்பட்டவை, சில நாட்களில் ஒரு சிறு திடலின் அளவேயான இடத்தில் வந்து குவிந்தன! இரு நீரோட்டங்கள் சந்தித்து நீர் கீழிறங்கும் இடத்தில், மிதக்கும் பொருள் மட்டும் மேலே தங்கிவிடுகிறது. நுரையும் சருகும் கோடாகத் திரளும் இடங்களைக் கடலில் கண்டிராத மீனவர் உண்டோ?

இவற்றால் நமக்குப் பயன் யாது? பரவுதல் நேரம் செல்லச் செல்ல விரைவுபடும் என்றால், விபத்து நேர்ந்த முதல் சில மணி நேரமே விலைமதிப்பற்றது. அப்போது ஒரு சிறு வட்டத்துக்குள் மடக்கக்கூடியதை, மறுநாள் ஒரு மாவட்டத்தின் கரை முழுவதும் தேட வேண்டிவரும். கசிவைச் சிறிதென்று சொல்லிக் காலம் கடத்துவதன் கேடு இங்கேதான் உள்ளது. ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், எண்ணெய் செல்லும் வழியைக் கணித்துக் கூறுகிறது. எவ்வளவு சிந்தியது, எப்போது சிந்தியது என்ற உண்மை உடனே சொல்லப்பட்டால்தான் அக்கணிப்பு பலன் தரும். பழவேற்காட்டு முகத்துவாரத்தில் தடுப்பு மிதவைகளை முதலில் இடுவதா, எண்ணூர்க் கழிமுகத்தில் இடுவதா என்று முடிவு செய்ய இயலும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியிலிருந்து வந்த எண்ணெய், எண்ணூர்க் கழிமுகத்தில் படகுகளையும் வலைகளையும் பாழாக்கியதை எண்ணும்போது இதன் அவசியம் விளங்கும்.

மீனவச் சகோதரர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலையிலோ கரையிலோ இத்தகைய மிதவை அகப்பட்டால், அதனை உடைக்கவோ பகுதி பகுதியாகக் கழற்றவோ வேண்டாம். கடலோரக் காவல் படையினரிடமோ மீன்வளத் துறையினரிடமோ தெரிவியுங்கள். நம் கடலின் போக்கை நமக்காகவே எழுதிவரும் ஏடு அது.